நாற்பது கோல் வரப்பு

கூலிப் பேச்சுவார்த்தை முடிந்த அன்று கூட்டத்தில் எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். எதற்குத் தட்டினேன் என்று எனக்குத் தெரியாது. தாலுகா ஆபீசிலிருந்து வந்த அதிகாரி, இனிமேல் அறுவடைக் கூலியை மரக்காலில் அளக்கக் கூடாது, லிட்டரில்தான் அளக்க வேண்டும் என்று சொல்லி, இத்தனை லிட்டர் என்று ஓர் எண்ணைப் படித்தார். அது பழைய மரக்கால் கணக்கைவிடக் கூடுதலா குறைச்சலா என்று எனக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்றவளிடம் கேட்டேன். "எல்லாரும் தட்டுறாங்களே, கூடித்தான் இருக்கும்" என்றாள். அவளும் அதைத்தான் இன்னொருத்தியிடம் கேட்டிருக்கிறாள் என்று பிறகு தெரிந்தது.

அப்போது எனக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எண்பதுகளின் ஆரம்பம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. நடவு, களையெடுப்பு, அறுவடை என்று கூலிக்குப் போகிற குடும்பம். பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு சரி. எழுத்து மட்டும் மறக்கவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் கட்சிக்காரர்கள் சுவர் முழுக்க எழுதிவைப்பார்கள். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைப் படித்துப் படித்தே எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். ஆனால் எந்தக் கட்சியும் சுவரில் கணக்கு எழுதவில்லை.

கை தட்டிய மறு வாரம் முதியோர் கல்வி வகுப்பில் பெயர் கொடுத்தேன். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் மத்தியான நேரத்தில் நடந்தது அந்த வகுப்பு. பிள்ளைகள் சாப்பிட்டுப் போன பிறகு, கழுவிக் கவிழ்த்த அண்டாக்களுக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பெண்கள் சிலேட்டோடு உட்காருவோம். டீச்சர் முத்துப்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். முஸ்லிம் வீட்டுப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவர். கணவர் துபாயில். எங்களை எல்லாம் அக்கா என்பார்.

எழுத்தில் நான் முதல். கணக்கில் கடைசி. கூட்டல் சொல்லிக்கொடுத்தபோது எட்டும் ஏழும் பதினைந்து, ஐந்தை இங்கே எழுதிவிட்டு ஒன்றை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும் என்றார் டீச்சர்.

"அந்த ஒண்ண ஏன் டீச்சர் அங்க கொண்டு போறோம்? இங்கேயே இருந்தா என்ன?"

"அது ஒண்ணு இல்லக்கா. பத்து."

"பத்துன்னா பத்துன்னு எழுதலாமே. ஒண்ணுன்னு எழுதிட்டுப் பத்துன்னு சொல்றீங்களே."

டீச்சர் நூறு புளியங்கொட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி, பத்துப் பத்தாகத் துணியில் முடிந்து காட்டினார். ஒரு மாதம் போராடிக் கூட்டலைப் பிடித்தேன். வகுத்தல் கொஞ்சம் வந்தது. பெருக்கல் வாய்ப்பாட்டை மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் அது என்னத்துக்கு என்று தெரியாது. அவ்வளவு வந்ததற்கே எங்கள் தெருவில் என்னைப் படிப்புக்காரி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பேர் எனக்குப் பிடித்திருந்தது. பின்னால் நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்த வருஷம்தான் எங்களுக்கு நிலம் வந்தது. உச்சவரம்புச் சட்டத்தில் எடுத்த உபரி நிலம். எடுத்து வெகு வருஷம் ஆகியும் மிராசுதார் கோர்ட்டில் தடை வாங்கி வைத்திருந்தார். அதற்கு முன்னால் கூலிச் சண்டை முற்றி, எங்கள் தெருக்காரர்களை விட்டுவிட்டு வெளியூர் ஆட்களை இறக்கி நடவு நட்டார். அதில் அடிதடி, போலீஸ், ஜெயில் எல்லாம் ஆயிற்று. அதனால் அந்த நிலத்தில் எங்கள் கால் பட்டே பல காலம் ஆகியிருந்தது. கடைசியில் தடை நீங்கி, சர்வேயர் போலீசோடு வந்து சுற்றிலும் கல் நட்டு, நாலு குடும்பத்துக்குச் சேர்த்து ஒரே காகிதமாகக் கொடுத்துவிட்டுப் போனார். "உள்ள பிரிக்கிறத அப்பறம் வந்து பண்ணித் தர்றேன். இப்ப நீங்களே பேசி வச்சுக்குங்க" என்றார்.

காகிதத்தை என்னிடம்தான் கொடுத்தார்கள். நிலத்தின் அளவு என்று போட்டிருந்த இடத்தில் 0.48.5 என்று இருந்தது. முதலிலேயே பூஜ்யம்.

"என்ன போட்டிருக்கு?" என்றார் என் கணவர்.

"பூஜ்யம்னு போட்டிருக்கு."

"ஒண்ணுமே இல்லன்னா? கல்லு நட்டுட்டுத்தானே போனாங்க?"

"பூஜ்யத்துக்கு அப்பறமும் என்னமோ இருக்கு."

மறுநாள் டீச்சரிடம் காட்டினேன். அவரும் குழம்பினார். "ஒரு புள்ளி வச்சுப் பாத்திருக்கேன். ரெண்டு புள்ளி வச்சு நானே பாத்ததில்லக்கா" என்றார். கிராம அலுவலரிடம் போய்க் கேட்டோம். அவர், அது ஹெக்டேர் கணக்கு, ஒரு ஹெக்டேர்கூட முழுசாக இல்லை என்பதால் பூஜ்யம், நம் கணக்கில் ஒரு ஏக்கர் இருபது சென்ட் வரும் என்றார். எங்கள் ஊரில் நிலத்தைக் குழி, மா என்றுதான் சொல்வோம். பன்னிரண்டு அடி நீளமுள்ளது ஒரு கோல். ஒரு கோல் நீளம், ஒரு கோல் அகலம் உள்ள இடம் ஒரு குழி. நூறு குழி ஒரு மா. மூன்று மா ஏறக்குறைய ஒரு ஏக்கர். இதெல்லாம் கேட்டுக் கேட்டு வாயில் இருந்தது. ஆனால் ஹெக்டேரும் ஏக்கரும் மாவும் ஒரே மண்ணைத்தான் சொல்கின்றன என்பது மனசில் உட்காரவில்லை. மூன்று தனித்தனி நிலம் போலவே இருந்தது.

நாலு குடும்பம் என்றேன். ஒன்று எங்களுடையது. இன்னொன்று என் நாத்தனாருடையது. என் கணவருக்கு மூத்தவர். கணவன் இல்லாமல் ஒற்றை ஆளாகக் குடும்பம் நடத்துகிறவர். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். மற்ற இரண்டும் அண்ணன் தம்பி இருவருடையவை. ஒரே வீட்டில் பிறந்து தனித்தனியாக இருந்தவர்கள்.

நிலத்துக்குள் மிராசுதார் காலத்து வரப்புகள் அப்படியே இருந்தன. அவை நிலத்தை நாலு வயலாகப் பிரித்திருந்தன. மேற்கிலிருந்து கிழக்காக மூன்று சதுர வயல்கள் அடுத்தடுத்து. நாலாவது கிழக்கே வாய்க்காலை ஒட்டி, தெற்கு வடக்காகப் பாம்பு மாதிரி நீளமாக, ஒடுங்கலாக இருந்தது. நாலு குடும்பம், நாலு வயல். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. ஆனால் நாலும் ஒரே அளவா என்பதில் தகராறு. நீள வயல்தான் பெரிசு என்றார் தம்பிக்காரர். ஒடுங்கலாக இருக்கிறதே என்றார் அண்ணன்காரர்.

"இங்கதான் கணக்குப் படிக்கிறவ இருக்காளே, அவளே அளந்து சொல்லட்டும்" என்றார் அண்ணி. அவர் கிண்டலாகச் சொன்னாரா நிஜமாகவே சொன்னாரா என்று இன்றைக்கும் தெரியாது.

நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். கோலுக்கு ஒரு முடிச்சாகக் கயிறு தயார் பண்ணி, ஒவ்வொரு வயலையும் வரப்போடு சுற்றி வந்தேன். ஒரு பக்கம் பத்துக் கோல். அடுத்த பக்கமும் பத்து. நாலு பக்கமும் பத்துப் பத்தாக நாற்பது. மூன்று சதுர வயலும் அப்படியே. பிறகு நீள வயலுக்குப் போனேன். நீளம் பதினாறு. அகலம் நாலு. திரும்பவும் பதினாறு, நாலு. சிலேட்டில் எழுதிக் கூட்டினேன். ஆறும் நாலும் பத்து, அதோடு ஆறும் நாலும் இன்னொரு பத்து, இருபது. பூஜ்யத்தைப் போட்டு, இரண்டை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கூட்டினால் நாற்பது.

வேறு வேறு உருவத்தில் கிடக்கிற நாலு வயலுக்கும் ஒரே நாற்பது! "எல்லாம் நாப்பதுதான்! கொஞ்சங்கூட வித்தியாசம் இல்ல!" என்று கத்தினேன். எல்லோருக்கும் சந்தோஷம். சீட்டு எழுதிப் போட்டு எடுத்தார்கள். மேற்குக் கோடி அண்ணன்காரருக்கு, அடுத்தது தம்பிக்காரருக்கு, மூன்றாவது எங்களுக்கு, வாய்க்காலோரத்து நீள வயல் அண்ணிக்கு.

நாற்றங்காலில் நாற்றுப் பறித்து, முடி முடியாக, சின்னக் கட்டுகளாகக் கட்டினோம்; நானூறு முடி. நானூறை நாலால் வகுத்தால் நூறு. அதையும் நான்தான் சொன்னேன். ஆளுக்கு நூறு முடி எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் வயலில் நட்டு முடித்தபோது ஒரு முடிகூட மீறவில்லை. அண்ணன் தம்பி வயலிலும் அப்படியே.

அண்ணியின் வயலைக் கடைசியில் நட்டார்கள். அன்று மத்தியானம் நான் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சேறு காயாத காலோடு அண்ணி வாசலில் வந்து நின்றார். தலையில் ஒரு சுமை நாற்று.

"முப்பத்தாறு முடி மிச்சம்" என்றார்.

"எடம் விட்டுக் கலக்க நட்டிருப்பீங்க அண்ணி."

"நானா கலக்க நடுறவ? வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். நெருக்கமாக, ஒழுங்காக, எங்கள் வயலைவிட நன்றாகவே நட்டிருந்தார். திரும்பவும் கயிறு போட்டு அளந்தேன். நாற்பது. எங்கள் வயலை அளந்தேன். நாற்பது. ஒருவேளை அண்ணிக்குப் போன முடிகளைப் பறித்தவர்கள் கை பெரிய கையோ, முடி பெரிசாகக் கட்டினார்களோ என்று மிச்சமிருந்த முடியையும் அவிழ்த்துப் பார்த்தேன். அதுவும் இல்லை.

"சுத்தி நாப்பதுன்னா நாப்பதுதானே. நாத்துலதான் ஏதோ கோளாறு" என்றார் என் கணவர்.

"அப்பிடித்தான் இருக்கணும்" என்றேன். ஆனால் சிலேட்டை எடுத்துத் திரும்பவும் கூட்டிப் பார்த்தேன். ஒரே கயிறு, ஒரே எண். அப்புறம் எப்படி முப்பத்தாறு முடி மிஞ்சும்? டீச்சர் சொல்லிக்கொடுத்த கூட்டலிலேயே ஏதோ ஓட்டை இருக்கிறதோ என்றுகூட நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணி எங்கள் இரண்டு பேரையும் வயலுக்கு வரச் சொன்னார். கையில் மாடு கட்டுகிற கயிறு ஒன்று வைத்திருந்தார். அதன் இரண்டு நுனியையும் சேர்த்து முடிந்து, வாய்க்கால் கரையில் வட்டமாகப் போட்டார்.

"உள்ள வந்து நில்லு."

நின்றேன். தாராளமாக இருந்தது. இன்னும் மூன்று பேர் நிற்கலாம்.

"தம்பி, நீ அந்தப் பக்கம் புடி" என்றார் என் கணவரிடம். அவர் ஒரு பக்கம் பிடித்தார், அண்ணி எதிர்ப்பக்கம் பிடித்தார். இரண்டு பேரும் பின்னால் போனார்கள். கயிறு தரையிலிருந்து எழும்பி நீண்டது. இரண்டு பக்கமும் என் இடுப்பை நோக்கி நெருங்கி வந்தது. கடைசியில் முன்னாலும் பின்னாலும் என்னைப் பிடித்து நெரித்தது.

"கயிறு கொறைஞ்சுதா?" என்றார் அண்ணி.

"இல்ல."

"அப்ப ஒனக்கு ஏன் எடமில்ல?"

அவர் கயிற்றை அப்படியே கீழே போட்டுவிட்டுப் போனார். என் கணவர் அதைச் சுருட்டிக்கொண்டே, "அக்காவுக்குக் கோவம்" என்றார். கோபம் என்பது எனக்கும் தெரிந்தது. அதில் கணக்கும் இருக்கிறது என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்றே டீச்சரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க வரப்ப அளந்திருக்கீங்க. வயல அளக்கல. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கணும்க்கா. பத்தைப் பத்தால பெருக்குனா நூறு குழி. பதினாற நாலால பெருக்குனா அறுவத்தி நாலு குழி."

அறுபத்து நாலு. நூறில் முப்பத்தாறு குறைவு. மிஞ்சிய முடியும் முப்பத்தாறு. விடை சரியாக இருந்ததுதான் இன்னும் குழப்பியது.

"கோலையும் கோலையும் பெருக்குனா குழி எப்பிடி டீச்சர் வரும்? கோல்தானே வரணும்? மாட்டை மாட்டால பெருக்குனா என்ன வரும்?"

டீச்சர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி யோசித்தார். "எனக்கு அப்பிடித்தான்க்கா சொல்லிக்குடுத்தாங்க. நான் ஏன்னு கேக்கல" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. போகும்போதும் தனக்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அது எனக்குப் புரிந்தது ஒரு வாரம் கழித்து, சேற்றில் குனிந்து நிற்கும்போது. வேறொருவர் வயலில் கூலிக்கு நட்டுக்கொண்டிருந்தோம். வரிசையாக நின்று, பின்பக்கமாக நகர்ந்து நகர்ந்து நடுவோம். ஒருத்திக்கு ஒரு கோல் அகலம். அன்று பத்துப் பேர் நின்றோம். கையிலிருந்த முடி தீர்ந்து அடுத்ததை அவிழ்த்தபோது, எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று நிமிர்ந்து பார்த்தேன். ஏறக்குறைய ஒரு கோல். ஒரு குழிக்கு ஒரு முடி. பத்துக் கோல் பின்னால் போனால் நான் பத்து முடி நடுவேன். என் பக்கத்தில் நிற்கிறவளும் பத்து. பத்துப் பேரும் பத்துப் பத்து. நூறு முடி. அண்ணியின் வயலில் நாலு பேர்தான் நிற்க முடியும். பதினாறு கோல் போனாலும் ஆளுக்குப் பதினாறு முடி, நாலு பேருக்கு அறுபத்து நாலு. வரப்பில் நடந்தவளுக்கு நாற்பது. சேற்றில் நின்றவளுக்கு நூறும் அறுபத்து நாலும்.

அப்படியே நின்றுவிட்டேன். "என்னா, கண்ணு இருட்டுதா?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். வாய்ப்பாடு என்னத்துக்கு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் தெரிந்த சந்தோஷம் ஒரு நொடிதான். அண்ணிக்கு முப்பத்தாறு குழி நிலத்தை நான் குறைத்துக் கொடுத்திருக்கிறேன் என்பதும் அதே நொடியில் தெரிந்தது.

வீட்டில் சொன்னேன். என் கணவர் குரலைத் தாழ்த்தினார். "நட்டு முடிஞ்சாச்சு. சீட்டுப் போட்டுத்தான் எடுத்தோம். நீ வாயத் தொறந்தா அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சண்டைக்கு வருவாங்க. நம்ம வயலும் போகும். அக்காகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்று வாரம் போயிற்று. பேராசையால் சும்மா இருந்தேன் என்று யாராவது சொன்னால் அதில் பாதி உண்மை. மறுபாதி, எனக்கு நிச்சயம் இல்லை. சேற்றில் நின்றபோது தெளிவாக இருந்தது, கரையேறியதும் கலங்கிவிடும். ஒரு தடவை தப்பாக அளந்துவிட்டு ஊரைக் கூட்டிச் சொன்னவள், இரண்டாம் தடவையும் தப்பாகச் சொன்னால் என்ன ஆவது? சிலேட்டில் கட்டம் கட்டமாகப் போட்டு எண்ணிப் பார்ப்பேன். சரியாக வரும். மறுநாள் திரும்பவும் சந்தேகம் வரும், திரும்பவும் எண்ணுவேன்.

டீச்சர்தான் இன்னொரு வழி காட்டினார். "கிராம அலுவலர் ஒரு ஏக்கர் இருவது சென்ட்னு சொன்னார்ல? அது நூத்தி இருவது சென்ட். சென்டுக்கு மூணு குழின்னா முந்நூத்தி அறுவது குழி. நாலு பங்கு போட்டா ஆளுக்குத் தொண்ணூறு. உங்க மூணு பேருகிட்டயும் நூறு இருக்கு. அப்ப கூடத்தானே?"

"நான் எண்ணுனா முந்நூத்தி அறுவத்தி நாலு வருது டீச்சர்."

"அது சொச்சம்க்கா."

"நாலு குழி எப்பிடி சொச்சமாகும்? அது எங்க இருக்குது?"

"எங்கயும் இல்ல. சென்டுக்கு மூணு குழிங்கிறது துல்லியம் இல்ல, அவ்வளவுதான்."

அந்த நாலு குழி எங்கேயும் இல்லை என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆனாலும் இரண்டு வழியிலும் எங்களிடம் அதிகமாக இருக்கிறது என்று வந்தது. அதற்கு மேல் மூடி வைக்க முடியவில்லை. களையெடுப்புக்கு முன்னால், விவசாயச் சங்கத்துக் கொட்டகையில் நாலு குடும்பத்தையும் கூப்பிட்டு, "நான் அளந்தது தப்பு" என்று சொன்னேன். ஏன் தப்பு என்று விளக்கப் போய், நடுவில் பதினாறையும் நாலையும் கூட்டினேனா பெருக்கினேனா என்றே தடுமாறிவிட்டேன். தரையில் கட்டம் போட்டுக் காட்டிய பிறகுதான் அண்ணன்காரர் தலையாட்டினார்.

"பயிர் நிக்குது. இப்ப வரப்ப வெட்ட முடியாது. அறுத்துட்டு, கோடையில திருத்திக்கலாம்" என்றார். தம்பிக்காரர் எழுந்து போய்விட்டார். அண்ணி வெளியே வந்த பிறகு என்னிடம், "மூணு வாரமா தெரியுமாமே ஒனக்கு?" என்று மட்டும் கேட்டார். என் கணவர் உளறியிருக்கிறார். அண்ணி விடவில்லை. "கூலி நடவுல ஒரு நாள் சேத்துல செலை மாதிரி நின்னியாமே, அன்னைக்கே தெரிஞ்சிருக்கு" என்றார்.

அந்த அறுவடையில், மூன்று வீட்டுப் பங்குக்கும் சேர்த்து, எங்கள் வயலில் அண்ணியின் பக்கத்து வரப்போரமாக மூன்று கோல் அகலத்துக் கதிரை அண்ணியையே அறுத்துக்கொள்ளச் சொன்னேன். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தடுக்கவில்லை.

சித்திரையில் மண்வெட்டியோடு இறங்கினோம். முந்நூற்று அறுபத்து நாலை நாலால் வகுத்தால் தொண்ணூற்றொன்று; கணக்கு என்னவோ நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒன்பது குழி விட வேண்டும் என்றுதான் வந்தது. ஒன்பது குழிக்கு வரப்பைக் கோலில் பத்தில் ஒன்பது பங்கு தள்ள வேண்டும். அந்தப் பங்கைக் கயிற்றில் எங்கே முடிச்சுப் போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. "முழுக் கோலாவே போட்டுருவோம்" என்றார் அண்ணன்காரர். அவருக்கும் தம்பிக்கும் நடுவில் இருந்த வரப்பை மேற்கே ஒரு கோல் தள்ளினோம். அடுத்த வரப்பை இரண்டு கோல் தள்ள வேண்டும். அண்ணியின் வயலை ஒட்டிய வரப்பை மூன்று கோல்.

இரண்டாவது வரப்பில் மண்வெட்டி விழுந்ததும் தம்பிக்காரர் குறுக்கே வந்து நின்றுகொண்டார்.

"ஆளுக்கு ஒரு கோல்னுதானே பேச்சு? என் வயலுக்குள்ள ஏன் ரெண்டு கோல் வர்றீங்க?"

"மேக்க ஒங்களுக்கு ஒரு கோல் வந்திருக்குல்லண்ணே. அதக் கழிச்சா ஒண்ணுதான்" என்றேன்.

"அது எங்கண்ணன் எனக்குக் குடுத்தது. அத ஏன் நீ கழிக்கிற?"

ஒரு நிமிஷம் அவர் சொல்வதுதான் நியாயமோ என்று எனக்கே தோன்றிவிட்டது. அண்ணன்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, "டேய், நான் குடுத்தது ஒனக்கு இல்ல. ஒன் வழியா அந்தம்மாவுக்கு. நகரு" என்றார். எங்கள் வயலிலும் அப்படித்தான். கிழக்கே மூன்று கோல் போயிற்று, மேற்கே இரண்டு வந்தது.

முடித்துவிட்டு எண்ணினோம். எங்கள் மூன்று பேருக்கும் தொண்ணூறு தொண்ணூறு குழி. அண்ணிக்கு அறுபத்து நாலும் முப்பதும் சேர்ந்து தொண்ணூற்று நாலு. நாலு குழி கூடுதல். டீச்சர் எங்கேயும் இல்லை என்று சொன்ன நாலு இதுதானா, இது வேறு நாலா என்று நான் விரலை மடக்கிக்கொண்டு நின்றேன். தம்பிக்காரர் அந்த நாலு குழியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். அண்ணி வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டே, "ஒரு போகம் கொறைச்சலா நட்டேன்ல, அப்ப எவனும் கத்தலியே" என்றார். அதோடு பேச்சு நின்றது.

இரண்டு வருஷம் கழித்து சர்வேயர் வந்து சங்கிலி போட்டு அளந்து, தனித்தனிக் காகிதம் கொடுத்தார். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே எண். அண்ணிக்குக் கொஞ்சம் கூட. நாலையும் கூட்டினால் பழைய காகிதத்தில் இருந்த எண் வருமா என்று டீச்சரும் நானும் போட்டுப் பார்த்தோம். வந்தது. டீச்சர் குதிக்காத குறை. எனக்கு மட்டும் அந்த இரண்டு புள்ளி எங்கே வைப்பது என்பதில் கடைசிவரை தடுமாற்றம்தான். டீச்சர் அடுத்த வருஷம் கணவரோடு துபாய்க்குப் போய்விட்டார். வகுப்பும் நின்றுபோயிற்று. நான் நின்றுபோகவில்லை. என் பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அவர்கள் ஒரு வகுப்புப் போனால் நானும் ஒரு வகுப்புப் போனேன். எட்டாம் வகுப்புக்கு மேல் முடியவில்லை.

அண்ணி என்னோடு ஒரு வருஷம் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் நாற்றங்காலுக்கு எவ்வளவு விதை விட வேண்டும் என்று கணக்குக் கேட்க வந்தார். நான் சொன்னேன். "ரெண்டு தடவ போட்டுப் பாரு" என்றார். போட்டுப் பார்த்தேன். இரண்டு தடவையும் ஒன்றாகவே வந்தது. ஆனாலும் அவர் வீட்டுக்குப் போய்ப் புளியங்கொட்டையை வைத்து எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் விதை விட்டார்.

தம்பிக்காரருக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல். போன தை மாதம் வழியில் பார்த்தபோதும் கேட்டார்: "சுத்தி எனக்கு முப்பத்தெட்டுக் கோலு. ஒன் நாத்தனா வயலு நாப்பத்தாறு. எட்டுக் கோல் வித்தியாசம். இது என்ன நியாயம் தங்கச்சி?"

"வாங்கண்ணே, அளந்துருவோம்" என்றேன். இரண்டு பேரும் வயலுக்குப் போனோம். கயிற்றின் ஒரு நுனியை அவர் பிடித்துக்கொண்டார். ஒன்பது கோலும் பத்துக் கோலும் சரியாக இருந்தன. ஒரு காய்ந்த குச்சியால் மண்ணில் கட்டம் போட்டு, ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினேன். அவரும் கூடவே எண்ணினார். தொண்ணூறு வந்தது. "சரியாத்தான் இருக்கு" என்றார். கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வரப்பில் திரும்பி நடந்தோம். பத்தடி போனதும் நின்று, நீள வயலைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கிருந்து பார்க்கும்போது எனக்கும் அது பெரிசாகத்தான் தெரிந்தது.